எப்போது திறப்பது, எப்போது மூடுவது

1

பேச்சிப்பாறை அணை 1906-ல் கட்டி முடிந்தது. திருவிதாங்கூரில் மூலம் திருநாள் மகாராஜா ஆண்ட காலம். கட்டிய எஞ்சினீயர் மிஞ்சினின் கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நாஞ்சில்நாட்டில் இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. ஆனால் கடைவரம்பில் வயல் வைத்திருக்கும் ஒருவரிடம் அணையைப்பற்றிக் கேட்டுப்பாருங்கள், மிஞ்சினைப்பற்றி ஒரு வார்த்தை வராது. எப்போ திறப்பாங்க, எப்போ அடைப்பாங்க, அவ்வளவுதான் பேச்சு.

காரணம் எளிது. கன்னிப்பூவுக்கு ஜூனில் ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் அன்றைக்கே கடைசி வயலுக்கு வந்துவிடாது. கால்வாய் காய்ந்து கிடக்கும், முதலில் அது குடிக்கும். அப்புறம் கிளைக்கால், அப்புறம் மடை, அப்புறம் வயல். ஆகவே பயிர் கேட்கும் நாளுக்கு முன்பாகவே திறந்தாக வேண்டும். அடைப்பதிலும் இதே சங்கதிதான். மேலே ஷட்டரை இறக்கிய பிறகும் கால்வாயில் வந்துகொண்டிருக்கும் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும். ஓடும் தண்ணீருக்கு ஒரு வீச்சு உண்டு. நாம் நிற்கச் சொன்னதும் நிற்காது.

பெட்ரோல் இன்ஜினின் தலைக்குள்ளும் இதே கணக்குதான் நடக்கிறது. அங்கே தண்ணீருக்குப் பதில் காற்று. மடைக்குப் பதில் வால்வு. நாள்கணக்குக்குப் பதில் ஆயிரத்தில் ஒரு நொடி. ஸ்போர்ட்ஸ் கார் என்று நாம் ஆசையாகச் சொல்லும் பொருளின் நூறாண்டு வரலாற்றை இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே சொல்லிவிடலாம்: எப்போது திறப்பது, எப்போது மூடுவது?

2

அடிப்படையை ஒருமுறை பார்த்துக்கொள்வோம். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது இன்டேக் வால்வு திறந்து பெட்ரோல் கலந்த காற்று உள்ளே வருகிறது. மேலே ஏறும்போது அது நெருக்கப்படுகிறது. தீப்பொறி பட்டு வெடித்து மறுபடி கீழே தள்ளுகிறது. கடைசியாக எக்ஸாஸ்ட் வால்வு திறந்து புகை வெளியேறுகிறது. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்ற, கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று. கேம்ஷாஃப்ட் என்பது முட்டை வடிவப் புடைப்புகள் கொண்ட ஒரு தண்டு. புடைப்பு வந்து அழுத்தினால் வால்வு திறக்கும், விலகினால் ஸ்பிரிங் அதை மூடும். அந்தப் புடைப்பின் வடிவத்தைப் பட்டறையில் கடைந்து முடித்த அன்றே அந்த இன்ஜினின் தலையெழுத்து எழுதியாயிற்று.

பாடப்புத்தகப் படத்தில் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது இன்டேக் திறக்கும், அடியைத் தொட்டதும் மூடும். நிஜத்தில் எந்த இன்ஜினும் அப்படி ஓடுவதில்லை. கணக்குப் போட்டுப்பாருங்கள். 900 ஆர்.பி.எம்.மில் ஐட்லிங்கில் நிற்கும் வண்டியில் பிஸ்டன் மேலிருந்து கீழே வர 33 மில்லி நொடி ஆகிறது. 6,000-ல் வெறும் 5 மில்லி நொடி. 8,000-ல் நாலுகூட இல்லை. அதற்குள் வால்வு திறந்து, காற்று அசைந்து, வேகமெடுத்து, உள்ளே நிறைந்து, வால்வு மூடியாக வேண்டும்.

காற்றுக்கும் எடை உண்டு. அசையாமல் நிற்கும் காற்றை அசைக்க நேரமாகும். அசைந்த காற்று உடனே நிற்காது. வேகமாக ஓடும் இன்ஜினில் பிஸ்டன் அடியைத் தொட்டுத் திரும்பி மேலே ஏற ஆரம்பித்த பிறகும் குழாயில் வரும் காற்று தன் வீச்சிலேயே உள்ளே நுழைந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் வால்வை மூடினால் வந்த விருந்தாளியை வாசலில் நிறுத்தியது மாதிரி. ஆகவே வேக இன்ஜினுக்கு இன்டேக் வால்வு தாமதமாக மூட வேண்டும். கிராங்க் அடியைத் தாண்டி 60 டிகிரி, சில ரேஸ் இன்ஜின்களில் அதற்கும் மேலே.

இனி அதே இன்ஜினை மெதுவாக ஓட்டுங்கள். காற்றுக்கு வீச்சு இல்லை. பிஸ்டன் மேலே ஏறுகிறது, வால்வு இன்னும் திறந்தே கிடக்கிறது. உள்ளே வந்த காற்று வந்த வழியே திரும்பிப் போய்விடுகிறது. சிலிண்டர் பாதி வயிறோடு வேலை செய்கிறது. பிக்கப் இல்லை.

இன்னொரு சிக்கல், எக்ஸாஸ்ட் மூடுவதற்கு முன்பே இன்டேக் திறந்துகொள்ளும் சின்ன இடைவெளி. இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் நேரம். அதிவேகத்தில் இது வரம். வெளியே பாயும் புகை தன் பின்னால் புதுக்காற்றை இழுத்துவரும். ஐட்லிங்கில் இதுவே சாபம். இன்டேக் பக்கம் வெற்றிடம் இருப்பதால் புகை தலைகீழாக உள்ளே வரும். எரிந்த காற்று மறுபடி எரியாது. சிலிண்டர் ஒருமுறை வெடிக்கும், ஒருமுறை விக்கும். பழைய ரேஸ் கார்கள் நின்ற இடத்தில் குதித்துக்கொண்டு, கொதிக்கும் உலைமூடி மாதிரித் தடதடப்பது இதனால்தான். கேட்கிறவனுக்கு அது கம்பீரம். ஓட்டுகிறவனுக்கு அவஸ்தை.

ஒரே கேம், ஒரே வடிவம். அது ஒரு வேகத்துக்குத்தான் சரியாக இருக்கும். மற்ற எல்லா வேகத்திலும் சமரசம். எந்த வேகத்தில் நன்றாக ஓட வேண்டும், எந்த வேகத்தில் மோசமாக ஓடினால் பரவாயில்லை என்பதை எஞ்சினீயர் முன்கூட்டியே முடிவுசெய்துவிடுகிறார். அதன்பிறகு அந்த வண்டிக்கு வேறு புத்தி வராது.

3

நாஞ்சில்நாட்டுக்கு இந்தச் சமரசம் நெடுங்காலம் ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. காரணம், இங்கே வந்த இன்ஜின்கள் அப்படி. 1938 பிப்ரவரி 20-ல் திருவிதாங்கூர் அரசு பஸ் சேவையைச் சித்திரைத் திருநாள் மகாராஜா தொடங்கிவைத்தார். லண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட சால்ட்டர் என்பவர் பொறுப்பாளர். பெர்க்கின்ஸ் டீசல் இன்ஜின் பொருத்திய பஸ்கள். திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரி பாதைதான் முதலில் அரசுடைமையான பாதைகளில் ஒன்று. பஸ்ஸோ, வயக்காட்டு பம்ப்செட்டோ, மரம் அறுக்கும் மில்லோ, எல்லாமே மெதுவான இன்ஜின்கள். குறைந்த வேகத்துக்கும் கூடிய வேகத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பம்ப்செட் காலையில் ஒரு வேகத்தில் தொடங்கினால் சாயங்காலம்வரை அதே வேகம்தான். அதற்கு ஒரே கேம் போதும். சமரசமே இல்லை.

ஆனால் இந்தக் கேள்வியைப் பெட்ரோல் இன்ஜினுக்கு முன்பே நீராவி இன்ஜின் கேட்டுவிட்டது. வால்வு நேரத்தை மாற்றும் வரலாறு காரில் தொடங்கவில்லை, ரயிலில் தொடங்கியது. ரயில் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது பிஸ்டன் போகும் தூரத்தின் பெரும்பகுதிக்கு நீராவியை உள்ளே விட வேண்டும். முழு பலமும் தேவை. ஓட ஆரம்பித்த பிறகு அப்படி விட்டால் நீராவி வீண். ஆகவே கொஞ்ச தூரத்திலேயே வால்வை அடைத்துவிட்டு, உள்ளே அடைபட்ட நீராவி தானே விரிந்து தள்ளட்டும் என்று விடுவார்கள். டிரைவர் கையில் இதற்கென்றே ஒரு நெம்புகோல் இருந்தது. வண்டி வேகமெடுக்க எடுக்க அவர் அதைப் படிப்படியாக நகர்த்துவார். வால்வு அடையும் நேரத்தைச் சொந்தக் கையால் மாற்றிய முதல் ஆட்கள் அந்த டிரைவர்கள்தான்.

இதற்கான பொறியமைப்பு 1842-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில், ராபர்ட் ஸ்டீபன்சனின் தொழிற்சாலையில் உருவானது. யோசித்துச் செய்தவர்கள் அங்கே வேலைபார்த்த வில்லியம் வில்லியம்ஸ், வில்லியம் ஹோ என்ற இரண்டு பேர். இன்றுவரை அதன் பெயர் ஸ்டீபன்சன் வால்வ் கியர். முதலாளி பெயர்! இரண்டு வருஷம் கழித்துப் பெல்ஜியத்தில் வால்ஷார்ட்ஸ் இன்னொரு அமைப்பைக் கண்டுபிடித்தார். அவருக்காவது பெயர் நின்றது. உலகம் முழுக்க, இந்தியாவிலும், பெரும்பாலான நீராவி ரயில்களின் சக்கரத்துக்குப் பக்கத்தில் முன்னும் பின்னும் ஆடிய அந்தக் கம்பிகள் அவருடையவை. 1904-ல் செங்கோட்டை மலைவழியாகத் திருவிதாங்கூருக்கு ரயில் வந்தது. நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் ரயில் வர 1979 ஆயிற்று. ஆக, மலை ஏறும் ரயிலில் டிரைவரின் கைக்கு எட்டியிருந்த ஒரு வசதி, காரின் இன்ஜினுக்குள் நிலைத்து நிற்க இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆகவேண்டியிருந்தது.

4

ஏன் அவ்வளவு நாள்? யாரும் யோசிக்காமல் இல்லை. 1903-லேயே காடிலாக்கின் ஒற்றை சிலிண்டர் காரில் ஆலன்சன் பிரஷ் என்பவர் இன்டேக் வால்வின் திறப்பை மாற்றும் அமைப்பு ஒன்றை வைத்தார். 1919-ஐ ஒட்டி வாக்ஸ்ஹால் கம்பெனியின் தலைமை வடிவமைப்பாளர் லாரன்ஸ் பொமராய், கேம்ஷாஃப்ட் முழுவதையும் நீளவாக்கில் தள்ளி வேறு புடைப்பு வால்வுக்கு நேராக வரும்படி ஒரு இன்ஜின் வரைந்தார். 1960-களின் கடைசியில் ஃபியட்டில் ஜொவான்னி டொராட்ஸா, எண்ணெய் அழுத்தத்தால் வால்வின் நேரத்தையும் திறப்பையும் மாற்றும் அமைப்புக்குக் காப்புரிமை எடுத்தார்.

யோசனை இருந்தது, தேவை இல்லை. ரேஸ் ஓட்டுகிறவனுக்கு மேல்வேகம் மட்டும் போதும். குடும்பஸ்தனுக்குக் கீழ்வேகம் மட்டும் போதும். இரண்டும் வேண்டும் என்று கேட்ட ஒரே ஆள் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவன். அவன்கூட ஐட்லிங்கில் வண்டி தடதடப்பதை ஒரு கௌரவமாக எடுத்துக்கொண்டான். விலையில் ஒரு பங்கு அந்தத் தடதடப்புக்கும் சேர்த்துத்தான்.

அதை மாற்றியது ரேஸ் டிராக் அல்ல, ஒரு சட்டம். 1970-ல் அமெரிக்கா கொண்டுவந்த சுத்தக் காற்றுச் சட்டம் காரின் பின்னால் வரும் புகையை அளக்க ஆரம்பித்தது. ஐட்லிங்கில் விக்கும் இன்ஜின் என்றால் எரியாத பெட்ரோல் அப்படியே வெளியே போகிறது என்று அர்த்தம். நேற்றுவரை கம்பீரமாக இருந்தது இன்று குற்றம். இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ தன்னுடைய அழகான ஸ்பைடர் காரை அமெரிக்காவில் விற்க வேண்டும். ஜாம்பாவ்லோ கார்சியா என்ற எஞ்சினீயர் 1970-களில் செய்த அமைப்பு, 1980-ல் அமெரிக்காவுக்குப் போன ஸ்பைடர் 2000-ல் பொருத்தப்பட்டது. விற்பனைக்கு வந்த கார்களில் வால்வு நேரத்தை மாற்றும் முதல் கார் என்று இன்று சொல்லப்படுவது அதுதான்.

அவர் செய்தது பெரிய மாயம் ஒன்றுமில்லை. ஆல்ஃபாவின் இன்ஜினில் 1950-களிலிருந்தே இன்டேக்குக்கு ஒரு கேம்ஷாஃப்ட், எக்ஸாஸ்டுக்கு ஒரு கேம்ஷாஃப்ட் என்று தனித்தனியாக இருந்தன. ஒரே தண்டாக இருந்தால் ஒன்றைத் திருப்பினால் மற்றதும் திரும்பும். தனித்தனியாக இருந்ததால் இன்டேக் கேமை மட்டும் சில டிகிரி முன்னும் பின்னும் நகர்த்த முடிந்தது. மெதுவாக ஓடும்போது இரண்டு கதவும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் குறையும், புகை உள்ளே வராது, இன்ஜின் சாதுவாக நிற்கும். வேகமெடுத்தால் நேரம் மாறும், பழைய ஆல்ஃபா திரும்பி வரும்.

இந்த இடத்தில் வரலாற்றை நாம் வழக்கமாகச் சொல்லும் முறையைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். ரேஸில் பிறந்து ரோட்டுக்கு வந்தது என்றுதான் எல்லாக் கார் விளம்பரமும் சொல்லும். இது புகையில் பிறந்தது. ஸ்போர்ட்ஸ் காருக்கு வேகம் ஏற்கெனவே இருந்தது. இல்லாதது பொறுமை. வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு அதற்குக் கொடுத்தது அந்தப் பொறுமையை.

5

பொறுமை வந்த பிறகு ஆசையும் வந்தது. கீழ்வேகத்தைப் பார்த்துக்கொள்ள வேறு ஏற்பாடு இருக்கிறது என்றால், மேல்வேகத்துக்கான கேமை இன்னும் மூர்க்கமாகக் கடையலாமே? இதை முழுக்கப் புரிந்துகொண்டவர்கள் ஜப்பானின் ஹோண்டாக்காரர்கள்.

இகுவோ கஜிடானி என்ற எஞ்சினீயர் 1.6 லிட்டர் இன்ஜின் ஒன்றில் வேலைசெய்துகொண்டிருந்தார். அன்றைக்கு நல்ல இன்ஜின் என்றால் லிட்டருக்கு 70, 80 குதிரைசக்தி. அவர் 140 குதிரைசக்தியை மனதில் வைத்திருந்தார். ஆய்வுப் பிரிவின் தலைவராக இருந்த நொபுஹிகோ காவமோட்டோ, லிட்டருக்கு 100 என்று வைத்துப் பார்க்கலாமே என்றார். அதாவது 160 குதிரைசக்தி, 8,000 ஆர்.பி.எம். தினமும் ஆபீஸ் போய்வரும் காருக்கு!

ஆல்ஃபா செய்தது போலக் கேமைத் திருப்புவதால் மட்டும் இது நடக்காது. திருப்பினால் நேரம் மாறும். வால்வு எவ்வளவு ஆழம் திறக்கிறது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது மாறாது. ஹோண்டா ஒரே தண்டில் இரண்டு குணத்தைக் கடைந்தது. ஒவ்வொரு ஜோடி வால்வுக்கும் மூன்று புடைப்புகள். ஓரங்களில் இரண்டு சாதுவானவை, நடுவில் ஒன்று மூர்க்கமானது. மூன்றுக்கும் மூன்று ராக்கர் ஆர்ம். மெதுவாக ஓடும்போது நடு ராக்கர் சும்மா ஆடிக்கொண்டிருக்கும், வால்வோடு அதற்குச் சம்பந்தமில்லை. ஐயாயிரத்தைத் தாண்டி ஒரு வேகம் வந்ததும் எண்ணெய் அழுத்தம் ஒரு சின்ன ஊசியைத் தள்ளி மூன்று ராக்கரையும் ஒன்றாகப் பூட்டும். அந்த நொடியிலிருந்து நடுப்புடைப்பு சொல்வதுதான் சட்டம். 1989 ஏப்ரலில் இன்டெக்ரா காரில் இது வந்தது. பெயர் விடெக்.

இதனால் கிடைத்தது என்ன என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். அந்த இன்ஜின் 7,600 ஆர்.பி.எம்.மில் 160 குதிரைசக்தி தந்தது. அந்த வேகத்தில் அதன் முறுக்குவிசை, நாம் டார்க் என்று சொல்வது, சுமார் 148 நியூட்டன் மீட்டர். 1.6 லிட்டர் இன்ஜினுக்கு இது ஒன்றும் அதிசயமான டார்க் இல்லை. அதே டார்க்கை 5,500-ல் மட்டும் கொடுத்துவிட்டு மூச்சுவாங்கும் இன்ஜினாக இருந்தால் அதன் சக்தி 116 குதிரையோடு நின்றிருக்கும். சக்தி என்பது டார்க்கை வேகத்தால் பெருக்கினால் வருவது. வால்வு நேரத்தை மாற்றுவது புதிதாகப் பலம் ஒன்றையும் படைக்கவில்லை. சாதாரண இன்ஜின் மூச்சுத்திணறும் வேகத்திலும் சிலிண்டரை நிரப்பிக்கொடுத்தது, அவ்வளவுதான். சிலிண்டர் நிறைந்தால் டார்க் விழாது. டார்க் விழாமல் வேகம் கூடினால் குதிரைசக்தி தானே கூடும்.

அடுத்த பத்தாண்டில் எல்லாரும் வந்தார்கள். 1990-ல் ஹோண்டாவே என்.எஸ்.எக்ஸ் என்ற சூப்பர் காரில் இதை வைத்தது. நகர நெரிசலில் சாதாரணக் கார் போலவே ஓட்ட முடிந்த சூப்பர் கார் என்று அதற்குப் பேர் வந்ததில் இன்ஜினுக்கும் பங்கு உண்டு. போர்ஷே வேரியோகேம் என்றது. பி.எம்.டபிள்யூ 1992-ல் வேனோஸ் என்ற பெயரில் கேமைத் திருப்பியது. கொஞ்ச நாளில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டையும் திருப்பியது. டொயோட்டா வி.வி.டி.ஐ என்றது. 1999-ல் ஹோண்டாவின் எஸ்2000 இரண்டே லிட்டரில், டர்போ இல்லாமல், 9,000 ஆர்.பி.எம் வரை போய் ஜப்பானில் 250 குதிரைசக்தி தந்தது. லிட்டருக்கு 125. காவமோட்டோ கேட்ட 100 அதற்குள் பழைய கதையாகியிருந்தது.

ஓட்டுகிறவனுக்கு இரண்டு முறைக்கும் வித்தியாசம் தெரியும். கேமைத் திருப்பும் வண்டி கணினியின் கணக்குப்படி கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தை மாற்றிக்கொண்டே போகும். எங்கே மாறியது என்று தெரியாது. புடைப்பை மாற்றும் வண்டியில் ஒரு எல்லைக்கோடு உண்டு. அதைத் தாண்டும்போது சத்தமே மாறும். ஒரே இன்ஜினுக்குள் இரண்டு ஆள் குடியிருப்பது போல. இளைஞர்கள் விடெக்கைக் காதலித்ததற்கு அந்தக் கோடுதான் காரணம். இரண்டு சமமாக இருந்தாலும் கோடு தெரிகிறதுதான் நமக்குப் பிடிக்கும்.

6

அப்படியென்றால் ரேஸ் கார்கள்? அங்கேதான் இது உச்சத்துக்குப் போயிருக்க வேண்டும் என்று தோன்றும். போகவில்லை.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல பத்தாண்டுகள் ரேஸ் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்தது. இறக்குமதிக்கு வழியில்லாத காலம். இருப்பது ஃபியட், ஹெரால்டு, அம்பாசடர். அந்தக் குடும்ப இன்ஜின்களை ரேஸுக்குத் தயார்செய்வது என்றால் முக்கியமான வேலைகளில் ஒன்று கேமை மாற்றிக் கடைவது. கடைந்த பிறகு அந்த வண்டி கடைத்தெருவுக்கு லாயக்கில்லை. அதைப்பற்றி யாருக்கும் கவலையும் இல்லை. ரேஸில் இன்ஜின் குறுகிய ஒரு வேக எல்லைக்குள்ளேயேதான் வாழ்கிறது. அதிலிருந்து இறங்கவிடாமல் பார்த்துக்கொள்ள கியர் இருக்கிறது, ஓட்டுகிறவனின் கை இருக்கிறது.

ஃபார்முலா 1-இல் இது இன்னும் தெளிவு. சென்னையில் பிறந்த நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டன் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா 1-இல் பந்தயமிட்ட முதல் இந்தியர் ஆனார். அதற்கு அடுத்த வருஷம், 2006-ல், புது வி8 இன்ஜின் விதிகள் வந்தபோது வால்வு நேரத்தை மாற்றும் அமைப்புகளுக்குத் தடை போட்டார்கள். செலவைக் குறைக்கும் நோக்கம். 2011-லும் 2012-லும் நரேன் திரும்பி வந்து எச்.ஆர்.டி அணிக்கு ஓட்டிய காஸ்வொர்த் இன்ஜின் நிமிடத்துக்கு 18,000 சுற்றுச் சுற்றியது. ஆனால் ஒரு சாதாரண ஹோண்டா சிட்டியின் இன்ஜினுக்குள் இருந்த வசதி அதில் இல்லை. அதனால் பந்தயம் ஒன்றும் நின்றுவிடவில்லை.

அதாவது ஒரே ஒரு காரியத்துக்காகப் பிறந்தவனுக்கு இந்த வசதி தேவையில்லை. காலையில் ஆஸ்பத்திரிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, ராத்திரி காலி ரோட்டில் தன்னந்தனியாகப் பறக்க ஆசைப்படுகிறவனுக்குத்தான் தேவை. இரட்டை வாழ்க்கைக்கான கருவி இது.

7

நம்மூருக்கு இது முதலில் ஒரு எழுத்தாகத்தான் வந்தது. 1998-ல் ஹோண்டா சிட்டி இந்தியாவுக்கு வந்தது. 2000-ஐ ஒட்டி அதன் 1.5 லிட்டர் விடெக் வகை, 106 குதிரைசக்தி. அன்றைய நம் ரோட்டில் அது பெரிய சங்கதி. அப்புறம் கொஞ்ச நாளில் அந்த எழுத்து ஸ்டிக்கராக மாறி ஊர்ப்பட்ட வண்டியிலெல்லாம் ஏறியது. மாருதி 800-ன் பின்னால் விடெக் என்று ஒட்டியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஒட்டினால் ஓடும் என்று யாரும் நம்பவில்லைதான். ஆனாலும் ஒரு வார்த்தை அதன் பொருளிலிருந்து கழன்று அழகுக்காக மட்டும் சுற்றித்திரிவது என்பது இப்படித்தான்.

பொருள் எனக்குப் புரிந்தது நாகர்கோவிலில் ஒரு ஒர்க்ஷாப்பில். தலைமை மெக்கானிக் பத்தாம் கிளாஸ் தாண்டாதவர். டைமிங் செயின் மாற்றிக்கொண்டிருந்தார். நேரம் மாறும் வால்வு என்றால் என்ன அண்ணாச்சி என்று கேட்டேன்.

"தம்பி, செயின் போடும்போது ஒரு பல்லு தப்பிச்சுன்னு வச்சுக்கிடுங்க. முன்னால தப்பிச்சா வண்டி அடியில நல்லா இழுக்கும், மேல ஏறாது. பின்னால தப்பிச்சா மேல போவும், அடியில செத்துப்போவும். நாங்க இத தப்புன்னு சொல்லி அவுத்து மாட்டுவோம். இப்ப வர்ற வண்டி இருக்குல்லா, அது ஓடிக்கிட்டே தேவைக்குப் பல்லத் தப்பவிட்டுக்கிடுது. அவ்வளவுதான்."

நான் படித்த எந்த விளக்கமும் இதைவிடச் சுருக்கமாக இல்லை. 36 பல் உள்ள சக்கரத்தில் ஒரு பல் தப்பினால் கேம் 10 டிகிரி திரும்பும், கிராங்க் கணக்கில் 20 டிகிரி. ஆல்ஃபா ரோமியோ நகர்த்தியதும் அதே ஒரு பல் சுற்றுவட்டாரத்துக் கணக்குதான். ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் பிழை என்று திருத்திக்கொண்டிருந்த ஒன்றை, வேண்டும்போது செய்து வேண்டாதபோது விலக்கிக்கொள்ளக் கற்றதுதான் இந்தக் கண்டுபிடிப்பு.

அவர் இன்னொன்றும் சொன்னார்: "ஆயில் மாத்தாம ஓட்டுறவனுக்கு இதெல்லாம் கெடையாது கேட்டியளா. எல்லாம் ஆயில் பிரஷர்ல வேல செய்யுது. ஆயில் கசடாச்சுன்னா பல்லு ஒரே எடத்துல நின்னுரும்." எத்தனையோ கார்கள் இந்த வசதியை வைத்துக்கொண்டே, கருத்துப்போன எண்ணெயால் அது அடைபட்டு, பழைய ஒரே கேம் வண்டிகளாக ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓட்டுகிறவருக்கு மைலேஜ் குறைந்தது மட்டும் தெரியும்.

பைக்குக்கு இது பரவலாக வந்தது 2018-ல், யமஹா ஆர்15-ன் மூன்றாம் பதிப்போடு. 155 சிசி, இரண்டு இன்டேக் புடைப்பு, 7,400 ஆர்.பி.எம்.மில் ஊசி தள்ளிப் பூட்டும். ஹோண்டா 1989-ல் செய்த அதே தந்திரத்தின் சின்ன வடிவம். முந்தைய ஆர்15 தன் உச்ச சக்தியை 8,500-ல் தந்துவிட்டுக் களைத்துவிடும். இது 10,000 வரை போய் 19.3 குதிரைசக்தி தந்தது. புடைப்பு மாறும்போது மீட்டரில் வி.வி.ஏ என்று ஒரு விளக்கு எரியும்.

அந்த விளக்கைப்பற்றித்தான் எனக்குக் கவலை. இந்த ஜில்லாவில் ஊருக்கும் ஊருக்கும் நடுவில் இடைவெளி கிடையாது. நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் போனால் ஒரே ஊர் மாதிரிதான். சர்ச் முடிந்து வருகிறவர்கள், ஸ்கூல் பஸ், ரப்பர் ஷீட் ஏற்றிய வண்டி, வளைவுக்கு ஒரு டீக்கடை. இங்கே மேல் கியரில் அந்த விளக்கை எரியவைக்க வேண்டுமென்றால் இந்த ரோட்டுக்குச் சொந்தமில்லாத வேகம் வேண்டும். "மக்கா, வி.வி.ஏ விழுந்தா பைக் வேற மாதிரி" என்று பையன்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த இன்ஜினை வடிவமைத்தவன் பெருமைப்பட்டது 7,400-க்கு மேலே நடப்பதற்காக மட்டுமல்ல. அதற்குக் கீழே டீக்கடை முன்னால் பூனை மாதிரி நகர முடிகிறதே, அதற்காகவும்தான். சாதுவான புடைப்பு இருப்பதால்தான் மூர்க்கமான புடைப்பை அவ்வளவு மூர்க்கமாகக் கடைய முடிந்தது. விளக்கு எரியாத நேரமும் அந்தப் பொறியியல்தான். அதைச் சொல்லும் விளக்கு எதுவும் மீட்டரில் இல்லை.

8

இந்தக் கதை முடியும் இடத்துக்கு வந்துவிட்டது. இன்று நம் தெருவில் நிற்கும் பல சின்னக் கார்களில் வால்வு நேரம் மாறுகிறது, பெரும்பாலும் வேகத்துக்காக அல்ல. இன்டேக்கை வேண்டுமென்றே தாமதமாக மூடி, உள்ளே வந்த காற்றில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பி, பெட்ரோலை மிச்சப்படுத்துகிறார்கள். 1882-ல் ஜேம்ஸ் அட்கின்சன் யோசித்ததன் புது வடிவம் இது. 1997-ல் டொயோட்டா பிரியஸ் அதைப் பெரிய அளவில் ரோட்டுக்குக் கொண்டுவந்தது. முன்பு குறையாக இருந்த அதே காரியம், காற்று வந்த வழியே திரும்பிப் போவது, இங்கே குணமாகிவிட்டது.

அடுத்து வருவது மின்சார வண்டி. அதில் வால்வே இல்லை. நின்ற இடத்திலேயே முழு டார்க்கும் கிடைக்கும். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று நூற்றைம்பது வருஷம் மூளையைக் கசக்கிய கேள்வியே அங்கே எழாது. கஜிடானியின் மூன்று ராக்கரும் கார்சியாவின் ஒரு பல்லும் மியூசியத்துக்குப் போகும். அவர்கள் பெயர்கள் அதற்கு முன்பே போய்விட்டன. இன்றைக்கு இன்டெக்ரா என்றால் தெரிந்தவர்களுக்கும் கஜிடானியைத் தெரியாது. வில்லியம்ஸுக்கும் ஹோவுக்கும் நடந்ததுதான்.

ஆனால் அந்த யோசனை இன்ஜினைவிட நீண்ட நாள் வாழும் என்று நினைக்கிறேன். ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தலில் நிற்கும் காற்றாலைகளைப் பாருங்கள். பழைய சின்னக் காற்றாலைகளில் பலவற்றுக்கு இறக்கை ஒரே கோணத்தில் பூட்டப்பட்டது. ஒரு குறிப்பிட்ட வேகக் காற்றுக்குத்தான் அது பொருத்தம். மெல்லிய காற்றிலும் கடுங்காற்றிலும் நஷ்டம். புதிதாக வந்த உயரமானவை காற்றுக்கேற்ப இறக்கையின் கோணத்தைத் தாங்களே திருப்பிக்கொள்கின்றன. கேமைத் திருப்பியதும் இறக்கையைத் திருப்புவதும் ஒரே எண்ணம். வருகிற காற்று ஒரே மாதிரி இருக்காது, ஆகவே வாங்கிக்கொள்கிறவன் ஒரே மாதிரி நிற்கக்கூடாது. அவற்றின் பக்கத்திலேயே பழைய குட்டைக் காற்றாலைகள் இன்னும் பூட்டிய கோணத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன, ஆடிக்காற்று அடிக்கும்போது மட்டும் கொஞ்சம் உற்சாகமாக.